தீக்கட்டியும் தீதில் கட்டியும்

(திருவில்லிபுத்தூரை அடுத்த திருவண்ணாமலையில், தமிழன்பர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

ஆலை வேலையும் அடுப்பு வேலையும் முடித்து, களைப்பையும் பாராது வந்து அமர்ந்திருக்கும் தாய்மாரே! தங்கையரே!

வடக்கே புகழ்பெற்ற திருவண்ணாமலை ஒன்றிருக்க, நம் திருவில்லிபுத்தூரின் பக்கத்திலும் ஒரு திருவண்ணாமலை உண்டென்பதை வெளியூரார் பலரும் அறியார். புரட்டாசிக் காரிக்கிழமைகளில் இக் குன்றின் படிகளில் ஏறும் பெருங்கூட்டத்தை நீங்கள் ஆண்டுதோறும் காண்கின்றீர்கள். அக் கூட்டத்தைப் பற்றி என் உரையின் நடுவில் ஒருமுறை பேசுவேன், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கிருந்து இராசபாளையம் சென்று, அங்கிருந்து சத்திரப்பட்டிக்குப் போனால் தெருத்தோறும் தறியோசை கேட்கும். மருத்துவமனைகளில் புண்ணின்மேல் வைத்துக் கட்டுகின்ற மெல்லிய வெள்ளைத்துணி அங்கே நெய்யப்படுகின்றது. ஊரார் புண்ணுக்கெல்லாம் துணி நெய்து தருகின்ற இந்த மண்ணின் பெண், தன் மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டால் மட்டும் வாய் திறப்பதில்லை! நாணம் தடுக்கின்றது, அச்சம் தடுக்கின்றது, ‘வலிக்கவில்லையே, போகட்டும்’ என்னும் எண்ணம் தடுக்கின்றது. இதை நான் நூலில் படித்துச் சொல்லவில்லை. என் அக்கையார் பதினொரு திங்கள் அதை மறைத்து வைத்திருந்தார். நாங்கள் அறிந்தபோது காலங்கடந்து விட்டது. நாற்பத்தோராம் அகவையில் அவரை இழந்தோம்.

அவர் விட்டுச்சென்ற ஒரே மகளுக்குக் கடந்த ஆண்டு, முப்பத்திரண்டாம் அகவையில், வலப்பக்க மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. அவள் மறைக்கவில்லை, மறுநாளே என்னிடம் சொன்னாள். அன்றுமுதல் நான் கற்றவற்றைத்தான் இன்று உங்கள்முன் வைக்கின்றேன். நான் மருத்துவனல்லேன், தமிழாசிரியனாயிருந்து ஓய்வு பெற்றவன். தவறாகக் கற்றதையும் மறையாது சொல்வேன்.

புற்று என்னும் பெயர்

கட்டியெல்லாம் புற்றன்று. இதுவே நீங்கள் முதலில் நெஞ்சில் நிறுத்த வேண்டிய உண்மை. மார்பில் தோன்றும் கட்டிகளுள் பெரும்பாலானவை உயிர்க்கு ஊறு செய்யாதவை. நீர் கோத்த பைகள் உண்டு. இளம்பெண்களுக்கு மிகுதியாக வரும் நார்ச்சுரப்பிக் கட்டிகள் உண்டு. இவற்றைத் தீதில் கட்டி என்போம். பக்கத்துத் தசையை ஊடுருவி, குருதியிலும் நிணநீரிலும் கலந்து, எலும்பிலும் நுரையீரலிலும் குடியேற வல்லது தீக்கட்டி. அதுவே புற்று.

பண்டைக் கிரேக்க மருத்துவர் இந்நோயை நண்டென்று அழைத்தனர். கட்டியைச் சுற்றிப் புடைத்த குருதிக் குழாய்கள் நண்டின் கால்களைப் போலத் தோன்றினவாம். நாமோ புற்றென்றோம். கறையான் புற்றை வெட்டிப் பார்த்தவர் அறிவர்: மேலே தெரிவது ஒரு மேடு, உள்ளே கிளை கிளையாக எத்தனை வழிகள்! மேட்டை மட்டும் பார்த்து முடிவு சொல்லலாகாது. உள்வழிகளைப் பார்க்க வேண்டும். இன்றைய காந்தப் படப்பொறி செய்வது ஏறத்தாழ அதுவே.

வத்திராயிருப்பு ஈன்ற அறிஞர்

காந்தம் என்றதும் நம் பக்கத்து ஊர் ஒன்றை நினையாதிருக்க முடியாது. வத்திராயிருப்பில் 1898-இல் பிறந்து, திருவில்லிபுத்தூரில் பள்ளிக்கல்வி கற்றவர் அறிவியலறிஞர் கே. எசு. கிருட்டிணன். ஒளிச்சிதறல் பற்றி 1928-இல் இராமன் கண்ட புதுமையில் அவருக்குத் தோள் கொடுத்து உழைத்தவர் இவர். அதன்பின் தாக்கா பல்கலைக்கழகத்தில், படிகங்கள் காந்தத்தின்முன் எவ்வாறு திரும்புகின்றன என்பதை நுட்பமாக அளந்தார். 1940-இல் இலண்டன் அரசர் கழகத்தின் உறுப்பினரானார். தில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநரும் அவரே. அவர் ஆய்விலிருந்துதான் இப்பொறி வந்ததென்று பொய்ப்பெருமை பேச நான் வரவில்லை. ஒரு பொருள் காந்தத்தின்முன் நடந்துகொள்ளும் வகையைக் கொண்டே அதன் உள்ளமைப்பை அறியலாம் என்னும் நெறியில் உழைத்த ஒருவர், நாம் மிதித்து நடக்கும் இம் மண்ணில் பிறந்தவர் என்பதையே நினைவூட்டுகின்றேன். அறிவியல் நமக்கு அயலான துறையன்று.

பொறி எவ்வாறு காண்கின்றது?

நம் உடலில் பெரும்பகுதி நீர். நீரில் நீரகம் உண்டு. நீரக அணுவின் கரு ஒவ்வொன்றும் ஒரு சிறு காந்த ஊசி போன்றது. எம்.ஆர்.ஐ. என்று நீங்கள் கேள்விப்படுகின்ற பொறியைக் காந்த ஒத்ததிர்வுப் படப்பொறி எனலாம். மருத்துவமனைகளில் பரவலாக உள்ள 1.5 தெசுலா பொறியின் காந்தம், நம் நிலத்தில் இயல்பாக உள்ள காந்தத்தைவிட முப்பதாயிரம் மடங்கிற்கும் மேல் வலியது. அதனுள் கிடத்தியதும் அணுக்கருக்களுள் ஒரு சிறு பங்கு கூடுதலாக ஒருமுகப்படும்.

ஊஞ்சலாட்டும்போது, அது வருகின்ற தாளத்திற்கு ஒத்துத் தள்ளினால் சிறு கையே போதும். ஒவ்வாது தள்ளினால் பயனில்லை. அவ்வாறே, கருக்களின் தாளத்திற்கு ஒத்த வானொலி அலையைச் செலுத்தினால் அவை சாயும். அலையை நிறுத்தினால் மீளும். மீளும்போது மெல்லிய குறிப்பொலி தரும். மீள எடுக்கும் நேரம் தசைக்கு ஒருவகை, கொழுப்புக்கு ஒருவகை, நீருக்கு ஒருவகை. இவ் வேற்றுமையே படமாகின்றது. இதில் ஊடுகதிர் இல்லை.

1971-ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவர் இரேமண்டு தமாடியன் ஓர் ஆய்வுரை வெளியிட்டார். எலியின் இயல்பான உறுப்புகளையும் இருவகைத் தீக்கட்டிகளையும் அவர் அளந்தார். தீக்கட்டியில் மீளும் நேரம் நீண்டிருந்தது. அதே ஆய்வில் தீதில்லாத நார்ச்சுரப்பிக் கட்டிகள் இரண்டையும் அளந்தார். அவற்றின் அளவு தீக்கட்டியினின்று விலகி, தசையை ஒத்திருந்தது. தீயதையும் தீதில்லாததையும் காந்தத்தால் பிரிக்கலாம் என்னும் எண்ணம் அன்றே முளைத்துவிட்டது. 1973-இல் பால் இலாட்டர்பர் அக்குறிப்பொலியைப் படமாக்கும் வழி கண்டார். பீட்டர் மான்சுபீல்டு அதனை விரைவாக்கினார். இவ்விருவர்க்கும் 2003-இல் நோபல் பரிசு கிடைத்தது. தமாடியனுக்குக் கிடைக்கவில்லை.

ஆனால், மாந்தர் உடலில் அளந்தபோது சிக்கல் எழுந்தது. தீக்கட்டியின் அளவும் தீதில் கட்டியின் அளவும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. மீளும் நேரத்தை மட்டும் கொண்டு பிரிக்க முடியவில்லை. வேறொரு வழி வேண்டியிருந்தது.

கண்மாயும் உடைப்பும்

அவ்வழிக்கு வித்தும் அதே 1971-இல்தான் விழுந்தது. புற்று சிறு அளவைக் கடந்து வளரவேண்டுமாயின் தனக்கெனப் புதிய குருதிக் குழாய்களை வருவித்துக்கொள்ள வேண்டும் என்று யூதா போக்மன் என்னும் அறுவை மருத்துவர் அவ்வாண்டு எழுதினார். அவசர அவசரமாக முளைத்த குழாய்கள் செப்பமாயிரா, சுவரில் கசிவிருக்கும். புற்று என்னும் நம் பெயர் எத்துணைப் பொருத்தம் பாருங்கள்!

இக் கசிவைக் காணக் காடோலினியம் என்னும் அருமண் தனிமத்தின் கூட்டுப்பொருளைக் கைநரம்பில் ஏற்றுவர். அது சென்று சேருமிடம் படத்தில் ஒளிரும். 1980-களின் நடுவிலிருந்து மார்பகத்திற்கு இம்முறையைக் கையாண்டனர். மருந்தேற்றுமுன் ஒரு படம். ஏற்றியபின் ஒன்று இரண்டு மணித்துளிக்கு ஒருமுறையாகப் பல படங்கள். எவ்வளவு விரைவில் ஒளிர்கின்றது, பிறகு என்ன ஆகின்றது என்று கோடு வரைவர்.

கண்மாயை எண்ணிக்கொள்ளுங்கள். செப்பமான மடை வழியே நீர் மெல்ல மெல்ல ஏறி நிற்பது ஒருவகை. விரைந்து ஏறி, பின் ஏறாமலும் இறங்காமலும் நிற்பது இரண்டாம் வகை. உடைப்பெடுத்த கரைபோல் விரைந்து நிறைந்து விரைந்து வடிவது மூன்றாம் வகை. முதல்வகை பெரும்பாலும் தீதில் கட்டி. மூன்றாம் வகை பெரும்பாலும் தீக்கட்டி. இரண்டாம் வகை ஐயத்திற்கு இடமானது.

‘பெரும்பாலும்’ என்னும் சொல்லை ஊன்றிக் கேளுங்கள். செருமனியின் பான் பல்கலைக்கழகத்தில் கிறித்தியானெ கூல் குழுவினர் 266 கட்டிகளை ஆய்ந்து 1999-இல் வெளியிட்டனர். அவற்றுள் புற்று 101; தீதில்லாதவை 165. தீதில்லாதவற்றுள் நூற்றுக்கு 83 முதல்வகைக் கோடு காட்டின. புற்றுகளுள் நூற்றுக்கு 57 மூன்றாம் வகை காட்டின. ஆனால் புற்றுகளுள் நூற்றுக்கு 9 முதல்வகைக் கோட்டுக்குள் ஒளிந்திருந்தன! தீதில்லாதவற்றுள்ளும் நூற்றுக்கு 5.5 மூன்றாம் வகைபோல் நடித்தன! ஆகவே கோட்டை மட்டும் நம்பித் தீர்ப்பெழுதுவது தவறு.

வடிவையும் பார்க்க வேண்டும். விளிம்பு வழவழப்பாய், முட்டை வடிவாய், உள்ளே ஒளிராத கருங்கோடுகளுடன் இருப்பின் நார்ச்சுரப்பிக் கட்டியென எண்ண இடமுண்டு. விளிம்பு முள்முள்ளாய், ஓரம் வளையம்போல் ஒளிர்ந்தால் தீக்கட்டியென ஐயுறல் வேண்டும். இதிலும் விலக்குண்டு: சளிபோன்ற கூழ்நிறைந்த ஒருவகைப் புற்று வழவழப்பான விளிம்போடு, நீர்ப்பையைப் போலவே வெளிறித் தோன்றி ஏமாற்றும்.

இன்னொரு சான்று நீரின் நடமாட்டம். முன்னே சொன்ன புரட்டாசிக் கூட்டத்தை இப்பொழுது நினையுங்கள். மற்ற நாள்களில் இப் படிகளில் கைவீசி நடக்கலாம். புரட்டாசிக் காரியன்று ஓரடி வைக்கவும் இடமிராது. தீக்கட்டியில் உயிரணுக்கள் நெருங்கி மொய்த்திருப்பதால் அவற்றிடையே நீர்த்துகள் அலைய இடம் குறைவு. இவ்விறுக்கத்தையும் பொறி அளக்கின்றது. இதற்கு மருந்தேற்ற வேண்டுவதில்லை. பல மருத்துவமனைகள் சேர்ந்து நடத்தி 2019-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்று, இவ்வளவையையும் சேர்த்துக்கொண்டால், ஒரு புற்றையும் தவறவிடாமல், ஊசிகுத்தி எடுக்கும் ஆய்வுகளில் ஐந்திலொரு பங்கைக் குறைக்கலாம் எனக் கண்டது.

பொறி சொல்லாதவை

இப்பொறியின் சிறப்பு, ஊடுருவும் புற்றைப் பெரும்பாலும் தவறவிடாமை. இதன் குறை, புற்றல்லாததையும் சிலபோது ஐயுறவு செய்தல். நுண்ணிய சுண்ணாம்புப் பொடிகள் இதில் தெரியா. அவற்றை ஊடுகதிர்ப் படமே காட்டும். எனவே எல்லார்க்கும் முதலில் செய்யத்தக்கது இதுவன்று. மருத்துவர் கைத்தொடல், ஊடுகதிர்ப் படம், கேளா ஒலிப் படம் ஆகியவற்றின்பின், ஐயம் தீராதவிடத்து இது. பி.ஆர்.சி.ஏ. என்னும் மரபணுக் குறை வழிவழி வந்த பெண்டிர்க்கு ஆண்டுதோறும் செய்யப் பரிந்துரைக்கின்றனர்.

மாதவிலக்குடைய பெண்டிர், அவசரமில்லையாயின், விலக்குத் தொடங்கிய ஏழாம் நாளுக்கும் பதினான்காம் நாளுக்கும் இடையில் செய்துகொள்வது நன்று. மற்ற நாள்களில் இயல்பான தசையே ஒளிர்ந்து குழப்பும். குப்புறப் படுத்து அசையாதிருத்தல் வேண்டும். இதயத்தூண்டி போன்ற கருவி உடலிலிருந்தாலும், சிறுநீரகக் கோளாறிருந்தாலும், கருவுற்றிருந்தாலும் முன்னரே சொல்லிவிடுங்கள்.

முடிந்த முடிபை உரைப்பது எது? ஊசியால் ஒரு துணுக்கு எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பதே! படம் ‘எங்கே குத்த வேண்டும், குத்தத்தான் வேண்டுமா’ என்று காட்டும். தீர்ப்பை நுண்ணோக்கி எழுதும். ஊசி குத்தினால் புற்று பரவிவிடும் என்று சொல்லி அஞ்சவைப்பார் பேச்சைக் கேட்டு, செய்ய வேண்டிய ஆய்வை நிறுத்திவிடாதீர்கள்.

நான் செய்த பிழை

என் அக்கை மகளுக்கு ஊடுகதிர்ப் படத்தில் தெளிவில்லை. இளம் அகவையில் மார்பகத் தசை செறிந்திருப்பதால் கட்டி மறைந்துவிட்டது. கேளா ஒலிப் படத்தில் ஐயம் இருந்தது. காந்தப் படம் எடுத்தனர். அறிக்கை வந்தது. ஈரேடு, முற்றும் ஆங்கிலம்! யாருடைய உடலைப் பற்றிய அறிக்கையோ அவளுக்கே அது விளங்காது. தெருவில் ஆங்கிலம் தெரிந்த ஒருவர் அதைப் புரட்டிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்தப் பிதுக்கல் அவளை இரவெல்லாம் உறங்கவிடவில்லை.

நான் அகரமுதலியோடு உட்கார்ந்தேன். விடியுமுன் அவ்வறிக்கையைத் தமிழாக்கிவிட்டேன். தூய தமிழ்தான், பிறசொல் ஒன்றுமில்லை, எனக்குப் பெருமிதம். அதில் ‘என்கான்சுமெண்டு’ என்னும் ஆங்கிலச் சொல் ஏழெட்டு இடத்தில் வந்தது. அகரமுதலி ‘மிகுதிப்பாடு, பெருக்கம்’ என்றது. நான் ‘விரைந்த பெருக்கம்’ என்று எழுதினேன். அவள் படித்தாள். படித்துவிட்டு, “மாமா, விரைந்து பெருகுகிறதென்று எழுதியிருக்கிறதே, அம்மாவுக்கு வந்ததுதானே எனக்கும் வந்திருக்கிறது?” என்றாள். அவள் கை நடுங்கியது. எனக்கு விடை தெரியவில்லை.

மறுநாள் மருத்துவரிடம் என் தமிழாக்கத்தைக் காட்டினேன். அவ்வம்மையார் பொறுமையாகப் படித்துவிட்டுச் சொன்னார்: “ஐயா, பெருகுவது கட்டியன்று; படத்தில் ஒளிதான் மிகுகிறது. மருந்து ஏறியதால் அவ்விடம் ஒளிர்கிறது. அவ்வளவே.” என் தலை தாழ்ந்தது. ஒரே சொல்! ‘மருந்தேறி ஒளிர்தல்’ என்று எழுதியிருந்தால் அவள் அந்த இரவை அழுது கழித்திருக்க வேண்டியதில்லை.

அன்பர்களே, தூய தமிழில் எழுதிவிட்டால் மட்டும் கடமை முடிந்துவிடாது. பொருளை உணர்ந்து எழுதவேண்டும் என்று அன்று கற்றேன். அயற்சொல்லை நீக்குவதில் காட்டும் ஊக்கத்தை, அச்சொல் குறிக்கும் பொருளை அறிவதிலும் காட்டாவிடின் நம் தமிழே நம் மக்களை அச்சுறுத்தும். அதற்காக, ‘பார்த்தீரா, ஆங்கிலமே ஏதமற்றது’ என்று சொல்வாரும் உளர். ஆங்கில அறிக்கை அவளுக்கு ஒன்றும் சொல்லவில்லை. அதனால்தான் உதட்டுப் பிதுக்கல் அறிக்கையாயிற்று! பிழைபட்ட தமிழைத் திருத்த முடிந்தது. விளங்காத ஆங்கிலத்தை அவள் எங்ஙனம் திருத்துவாள்?

அவ்வறிக்கையின் முடிவில் ‘நான்காம் பிரிவு’ என்றிருந்தது. அமெரிக்கக் கதிரியல் கல்லூரி வகுத்த இப் பிரிவுகள் உலகெங்கும் வழங்குகின்றன. நம் மருத்துவரும் இவற்றையே எழுதுகின்றனர். ஆகலின் எல்லாரும் அறிந்திருத்தல் நன்று. சுழி என்றால் படம் போதவில்லை, மேலும் பார்க்க வேண்டும். ஒன்று என்றால் ஒன்றுமில்லை. இரண்டு என்றால் உறுதியாகத் தீதில்லாதது. மூன்று என்றால் பெரும்பாலும் தீதில்லாதது. புற்றாயிருக்க நூற்றுக்கு இரண்டிற்கு மேல் வாய்ப்பில்லை. குறித்த காலத்தில் மீண்டும் பார்த்தல் வேண்டும். நான்கு என்றால் ஐயம். ஊசியால் ஆய வேண்டும். ஐந்து என்றால் நூற்றுக்கு 95-க்குக் குறையாத வாய்ப்பு. ஆறு என்றால் முன்பே உறுதியான புற்று. நான்கு என்பது மிக அகன்ற பிரிவு. நூற்றுக்கு இரண்டிற்கு மேலிருந்து தொண்ணூற்றைந்துக்குக் கீழ்வரை அதனுள் அடங்கும். நான்கு என்றதும் இழவு வீடுபோல் அழுவது அறியாமை. நான்கு என்றதும் தாளை மடித்துப் பெட்டியில் வைப்பது அதனினும் பெரிய அறியாமை.

அவள் கட்டி இரண்டாம் வகைக் கோடு காட்டியது. விளிம்பின் ஒரு பக்கம் தெளிவில்லை. ஊசியால் துணுக்கெடுத்தனர். முடிவு வந்தது: நார்ச்சுரப்பிக் கட்டி, தீதில் கட்டி! படத்தோடும் அது பொருந்துகிறது என்று மருத்துவர் உறுதி செய்தார். இன்று அவள் தன் வேலைக்குப் போய்வருகின்றாள். குறித்த நாளில் தவறாது மருத்துவரைக் கண்டு வருகின்றாள். அவள் தாய்க்கு இவ் வாய்ப்பைத் தராதது நாணமும் நம் வீட்டு மௌனமும்.

நாம் செய்யத்தக்கவை

2022-ஆம் ஆண்டு மட்டும் இந்தியாவில் ஏறத்தாழ 1,92,000 பெண்டிர்க்கு மார்பகப் புற்று புதிதாகக் கண்டறியப்பட்டதாக உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றாய்வுப் பிரிவு கணக்கிட்டது. தன் தங்கையைப் புற்றுக்குப் பறிகொடுத்த முத்துலக்குமி அம்மையார் துயரைத் துயராகவே விட்டுவிடவில்லை. 1954-இல் சென்னை அடையாற்றில் பன்னிரண்டு படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனையைத் தோற்றுவித்தார். 1955-இல் அங்குச் சேர்ந்த மருத்துவர் சாந்தா அம்மையார், 2021-இல் மறையும்வரை அதனையே தம் வாழ்வாக்கினார். அவர்கள் கட்டடம் எழுப்பினர். நம்மால் சொல் எழுப்ப முடியாதா?

தமிழாசிரியர்களே, உங்கள் ஊர் மருத்துவரோடு கிழமைக்கொரு மாலை உட்காருங்கள். ஒரு சொல்லை ஆக்குமுன் அது குறிக்கும் படத்தைக் கண்ணால் பாருங்கள். ஆக்கியபின் எழுத்தறிந்த ஒரு நெசவாளிப் பெண்ணிடம் படித்துக் காட்டுங்கள். அவளுக்கு விளங்கினால்தான் அது தமிழ். மருத்துவப் பெருமக்களே, ஆங்கில அறிக்கையை உங்கள் துறைக்கென வைத்துக்கொள்ளுங்கள். அதனோடு ஒரே ஒரு தாள், ‘என்ன கண்டோம், எவ்வளவு ஐயம், அடுத்து என்ன செய்ய வேண்டும்’ என்று தமிழில் எழுதித் தாருங்கள்.

தாய்மாரே! தங்கையரே! கட்டியோ, தோலில் குழிவோ, காம்பில் குருதிக் கசிவோ கண்டால் ஒருநாளும் மறைக்காதீர்கள். அது தீதில் கட்டியாயிருக்கவே வாய்ப்பு மிகுதி; தீக்கட்டியாயின் இன்று சொல்வதே உயிர்காக்கும் வழி. ஆடவரே, உங்கள் வீட்டுப் பெண் வாய் திறக்கும்போது, செலவை எண்ணி முகம் சுளிக்காதீர்கள். அச் சுளிப்பைக் கண்டுதான் என் அக்கையார் பதினொரு திங்கள் வாய் மூடியிருந்தார். முகம் சுளித்தவருள் நானும் ஒருவன்.

இதைச் சொல்லத்தான் வந்தேன்.